இரவல் நாக்கு

"அவைத் தலைவர் அவர்களே! நடுவர் பெருமக்களே!" என்று தொடங்குகிறான் சிறுவன். கை உயர வேண்டிய இடத்திலே உயர்கிறது. குரல் தழுதழுக்க வேண்டிய இடத்திலே தழுதழுக்கிறது. ஐந்து மணித்துளி — பிசிறில்லை, பிழையில்லை. மண்டபம் அதிரக் கைதட்டல். பரிசும் அவனுக்கே! நடுவர்களில் ஒருவர் எழுந்து, "தம்பி, மூன்றாவதாக ஒரு காரணம் சொன்னாயே, அது ஏன் சரி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால்? கேட்கமாட்டார், வழக்கமில்லை. கேட்டிருந்தால், மேடையில் நிற்பவன் திரும்பிப் பார்த்திருப்பான் — எழுதிக் கொடுத்தவர் எங்கே என்று!

நாம் ஆசிரியர்கள். எழுதித் தரும்படி பெற்றோரும் மற்றோரும் நம்மிடந்தான் வந்து நிற்கிறார்கள். ஆகவே இந்த வினாவை நாம் எழுப்பாமல் வேறு யார் எழுப்புவது? ஒருவன் வாயிலே இன்னொருவன் சொல்லை வைத்து, அதற்குப் 'பேச்சுப் பயிற்சி' என்று பெயர் சூட்டுவது அறமாகுமா? பொருள் தெரியாத மந்திரத்தை ஓதுகிறவரைக் கண்டு நகைக்கிறோம். நகைக்க வேண்டியதுதான்! ஆனால் சாதி ஒழிப்பைப் பற்றி நாம் எழுதிய பத்து வரியை, அதே போலப் பொருள் தெரியாமல், அதே போல ஏற்ற இறக்கத்தோடு, ஒரு சிறுமி ஒப்பிக்கும்போது மட்டும் ஏன் உள்ளம் குளிர்கிறது? மந்திரம் மாறியிருக்கிறது, ஓதும் முறை மாறவில்லையே!

ஜூஜுவாடியில் இருந்துகொண்டு இதை எழுதுகிறோம். தமிழ்நாட்டின் வாசற்படி இவ்வூர். ஓரடி எடுத்து வைத்தால் கருநாடகம், அத்திப்பள்ளி. பெங்களூர் நோக்கி ஓடும் நெடுஞ்சாலையிலே இரவென்றும் பகலென்றும் பாராமல் லாரிகள். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, கேழ்வரகும் அவரையும் விளைந்த மண்ணிலே வண்டியும் கடிகாரமும் விளையத் தொடங்கின. சிற்றூராக இருந்த ஜூஜுவாடி ஓசூர் நகராட்சியோடு சேர்ந்தது. 2019இல் அந்நகராட்சியே மாநகராட்சியும் ஆயிற்று. 2017இல் சரக்கு-சேவை வரி வந்தது. வணிகவரிச் சோதனைச்சாவடிக்கு வேலையில்லாமல் போயிற்று. சரக்குக்கு இருந்த சாவடி போய்விட்டது. சொல்லுக்கு உள்ள சாவடி மட்டும் போகவில்லை!

அது என்ன சொல்லுக்குச் சாவடி? எம் வகுப்பறைக்குள் வந்து பாருங்கள். வீட்டிலே தெலுங்கு பேசுகிற பிள்ளை, கன்னடம் பேசுகிற பிள்ளை, உருது பேசுகிற பிள்ளை. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வந்தவர் வீட்டுத் தமிழ்ப் பிள்ளை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தந்தை வந்ததால் தானும் வந்த பிள்ளை. எல்லோரும் ஒரே பலகையைப் பார்க்கிறார்கள். எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள். எழுந்து பேசச் சொன்னாலோ, நாக்கிலே பூட்டு! 'நேனு' என்று நினைத்து 'நான்' என்று சொல்வதற்குள் முன்வரிசை சிரித்துவிடுகிறது. அந்தச் சிரிப்புத்தான் சாவடி. ஒருமுறை அங்கே நிறுத்தப்பட்டவன் மறுமுறை அந்தப் பாதையிலே வருவதில்லை.

தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து இந்த எல்லைப் பகுதியிலிருந்து குரல் எழுந்ததை நாடறியும். வழக்கு மன்றம் வரை சென்ற அந்தச் சிக்கலின் நன்மை தீமையை இங்கே எடைபோடப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்வோம்: மொழியைச் சட்டத்தால் பாடமாக்கலாம், அந்த மொழியிலே பேசத் துணிவதைச் சட்டத்தால் ஆக்க முடியாது. அதை ஆக்குவது சிரிக்காத வகுப்பறை. வீட்டிலே கன்னடம் வழங்கிய குடும்பத்திலே பிறந்தவர்தானே பெரியார்? பள்ளியில் படித்ததும் சில ஆண்டுகளே. பேச்சுவழக்குத் தமிழிலே, இலக்கணத்துக்கு அஞ்சாமல், மணிக்கணக்கிலே பேசினார். 1973 டிசம்பர் 19ஆம் நாள், தம் 94ஆம் வயதில், சென்னைத் தியாகராயநகரில் அவர் பேசியதே கடைசிக் கூட்டம். இலக்கணப் பிழைக்குச் சிரிப்பதென்று அன்றைய முன்வரிசைகள் முடிவு செய்திருந்தால் என்னவாகியிருக்கும்?

பேச்சுக்கலை தமிழனுடன் பிறந்தது என்று பெருமை பேசுவோர் உண்டு. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார், உண்மை. ஆனால் அந்த அவை எது? கற்றோர் அவை. தெருவிலே நிற்பவனுக்கு அங்கே இடமில்லை. ஊர்மக்கள் அனைவரையும் ஒரே கூட்டமாக நிறுத்தி, அவர்களுக்கு விளங்கும் தமிழிலே ஒருவர் நின்று பேசுவது என்னும் வழக்கம் அவ்வளவு பழையதன்று. பாதிரிமார் சொற்பொழிவைக் கண்டு, அதே கருவியைச் சைவத்துக்காகக் கையிலெடுத்தார் ஆறுமுக நாவலர். 1847இன் கடைசி நாளில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார். 1908இல் தூத்துக்குடியிலே வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளரிடம் தமிழிலே பேசினர். ஆட்சியாளர் அஞ்சிச் சிறையிலடைத்தனர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது தலைமை ஏற்ற வாடியாவுக்குத் தமிழ் தெரியாது, திரு.வி.க. போன்றோரின் தமிழ்தான் அந்தச் சங்கத்தைப் பெரம்பூர்த் தொழிலாளியின் நெஞ்சிலே கொண்டு சேர்த்தது.

இந்த வரிசையை ஏன் சொல்கிறோம்? பேச்சு என்பது அணிகலன் அன்று. அது இல்லாதவன் கைக்கு வந்து சேர்ந்த கருவி. அந்தக் கருவியை நாம் இன்று ஆண்டு விழாவுக்கு மாட்டும் தோரணம் ஆக்கிவிட்டோம். பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வில் தமிழ்த்தாள் நூறு மதிப்பெண், நூறும் எழுத்துக்கே. வாய் திறந்து ஒரு சொல் பேசாமலே ஒருவன் தமிழில் நூற்றுக்கு நூறு வாங்கலாம்!

வாங்கட்டும். பிறகு? இன்னும் சில ஆண்டுகளில் இவர்களில் பலர் தொழிற்சாலை வாயிலிலே ஒப்பந்தத் தொழிலாளராக நிற்பார்கள். ஒருநாள் ஒருவன் விரலை எந்திரம் நசுக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரணை நடக்கிறது. மேசைக்கு அப்பால் மூவர். அவர்களுக்குச் சட்டமும் தெரியும், பேச்சும் தெரியும். இப்பால் இவன், கட்டுப் போட்ட கையோடு. "எந்திரத்தின் காப்புத் தடுப்பு வேலை செய்யவில்லை; முதல்நாள் மாலையே மேற்பார்வையாளரிடம் சொன்னேன்; உடன் இருந்தவர் இன்னார்." மூன்றே வாக்கியம். இதைத் தலைகுனியாமல், வரிசை குலையாமல், மிகைப்படுத்தாமல் சொல்லத் தெரிந்தால் அவனுக்கு வழி உண்டு. தெரியாவிட்டால், "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். 'தமிழே! தேனே! தீங்கனியே!' என்று ஐந்து மணித்துளி அடுக்கத் தெரிந்ததனாலே அங்கே ஒரு பயனும் இல்லை.

அடுக்குமொழியைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். இந்தக் கட்டுரையிலேயே அது எட்டிப் பார்க்கிறது. பழக்கம் எளிதில் விடுமா! பொருள் உள்ள இடத்தில் அடுக்கு, பறையொலிபோல் ஊரை எழுப்பும். பொருளில்லாத இடத்திலோ, வெறும் குடத்துக்குள் கூழாங்கல்.

இனி, இதைவிடக் கடினமான வினாவுக்கு வருவோம். பேச்சுக்கலையைக் கற்றுக்கொடுப்பதே ஆபத்தல்லவா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். புதிய கேள்வியன்று, இரண்டாயிரத்து நானூறு ஆண்டு வயதான கேள்வி. பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றிலே கார்ஜியாஸ் என்னும் பேச்சாசான் பெருமையடித்துக் கொள்கிறார்: தம் உடன்பிறந்தார் மருத்துவர், அவர் சொல்லிக் கேட்காத நோயாளி, மருத்துவமே அறியாத தாம் பேசியதும் மருந்துக்கு இணங்கினார் என்று. மருத்துவனும் பேச்சாளனும் அவையிலே போட்டியிட்டால், பேச்சாளனே மருத்துவனாகத் தேர்ந்தெடுக்கப்படுவான் என்றும் சொல்கிறார். சாக்ரடீஸ் விடவில்லை. அறியாதவன், அறியாதவர்களிடையே, அறிந்தவனைவிட அறிந்தவனாகத் தோன்றும் வித்தைதானே இது என்று மடக்குகிறார். இன்று கைப்பேசியிலே வந்து குவிகிற மூலிகை மகிமைகளையும் முன்னோர் அறிவியலையும் கேட்டுப் பாருங்கள். குரலிலே தேன், முகத்திலே நம்பிக்கை, உள்ளே ஒன்றுமில்லை. கார்ஜியாஸ் சாகவில்லை!

ஆனால் இதற்கு மருந்து, பேசக் கற்றுக்கொடுக்காமல் விடுவதா? ஏமாற்றத் தெரிந்தவன் எப்படியும் கற்றுக்கொள்வான். கற்காமல் நிற்பவன் ஏமாறுகிறவன்தான். நாம் செய்யக் கூடியது, பேச்சோடு கேள்வியையும் சேர்த்துக் கற்பிப்பது. தாம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், தத்தம் அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளுங்கள் என்று கூட்டந்தோறும் சொல்லி வந்தார் பெரியார். தன்னுடைய பேச்சுக்கே தடுப்பூசியைத் தானே போட்டுவிட்ட பேச்சாளர்!

எதிர்த் தரப்பையும் பேசப் பழக்க வேண்டும் என்கிறோம். இங்கேதான் நம் தோழர்கள் சிலர் புருவத்தை உயர்த்துகிறார்கள். "சோதிடம் உண்மையே என்று ஒரு மாணவனைப் பேசச் சொல்வதா? பகுத்தறிவாளன் செய்யும் வேலையா அது?" நியாயமான கேள்வி. விடை இதுதான்: 1943ஆம் ஆண்டிலே, கம்பராமாயணத்தைப் பற்றிச் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் அறிஞர் அண்ணாவும் இரா.பி.சேதுப்பிள்ளையும் சொற்போர் புரிந்தனர். அடுத்த மாதமே சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும். எதிரே நின்ற இருவரும் தமிழ்ப் புலமையிலே மலைகள். அவர்கள் என்ன சொல்வார்கள், எதனால் சொல்வார்கள் என்பதை நன்கு அறியாமல் அந்த மேடையேறியிருக்க முடியுமா? எதிரியின் வாதத்தை அவனுடைய வாயால், அதன் முழு வலிமையோடு கேளாதவனுக்குத் தன் வாதமே பாதிதான் தெரியும் என்று 1859இலே எழுதினார் ஜான் ஸ்டூவர்ட் மில். சோதிடத்துக்காக வாதாட நேர்ந்த மாணவன், சான்று தேடுவான். தேடத் தேடக் கைக்கு எதுவும் அகப்படாததைத் தானே காண்பான். நாம் நூறு முறை சொல்வதைவிட அது ஆழமாகப் பதியும்.

எல்லாவற்றுக்கும் இரு தரப்பு உண்டா? இல்லை என்பதே நம் முடிவு. 'பெண் படிக்க வேண்டுமா?', 'சாதியில் உயர்வு தாழ்வு உண்டா?' — இவற்றைப் பள்ளிப் பட்டிமன்றத் தலைப்பாக்கக் கூடாது. அந்த வகுப்பிலேயே அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சேரிப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். தான் மனிதனா என்பதைத் தன் தோழன் வாதிட, தான் அமர்ந்து கேட்டு, முடிவை நடுவர் சொல்ல! எந்தப் பயிற்சிக்காகவும் ஒரு பிள்ளையை அந்த நிலையிலே நிறுத்தலாகாது. கருத்தை விவாதத்தில் நிறுத்தலாம். பக்கத்து இருக்கையில் இருப்பவனின் மானத்தை நிறுத்தக் கூடாது. எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. ஒவ்வொரு தலைப்புக்கும் உட்கார்ந்து எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். எட்டாம் வகுப்பிலே கையுயர்த்திக் கொண்டே இருந்த சிறுமி, பத்தாம் வகுப்பிலே உயர்த்துவதில்லை. யாரும் தடுக்கவில்லை, 'அடக்கமான பெண்' என்று பாராட்டுகிறார்கள், அவ்வளவே. பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து மேடை மேடையாகப் பேசிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையிலும் நடந்தார். அப்போது வயது ஐம்பத்தைந்து! அடக்கத்துக்குப் பாராட்டு வாங்கியவரல்லர்.

சரி, வகுப்பிலே என்ன செய்கிறோம்? எழுதிக் கொடுப்பதில்லை. 'தாய்மொழியின் சிறப்பு' போன்ற வானளாவிய தலைப்பும் தருவதில்லை. அவரவர் கண்ணால் கண்ட ஒன்றை இரண்டு மணித்துளி சொல்ல வேண்டும்: தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம், அம்மா வேலைக்குப் போகும் பேருந்து, ரோசாத் தோட்டத்தில் மருந்தடிக்கும் முறை. சொல் வராத இடத்தில் தெலுங்குச் சொல்லோ கன்னடச் சொல்லோ போட்டுக்கொள்ளலாம். அதற்குரிய தமிழ்ச் சொல்லை வகுப்பே தேடித் தரும். பிறகு மூன்று கேள்வி. கேள்வி கேட்பவன், பேசியவன் சொன்னதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆம், அதைத்தான் சொன்னேன்" என்று அவன் ஒப்பிய பிறகே மறுக்கலாம். இந்த ஒரு விதிக்கே ஒரு மாதம் பிடித்தது! மறுக்க எல்லோருக்கும் தெரிகிறது, கேட்கத்தான் தெரியவில்லை. "தெரியாது" என்று பேசுபவன் விடை சொன்னால் அதற்குக் குறைவு மதிப்பெண் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சுற்றி வளைத்தால் உண்டு.

"இப்படிப் பழக்கினால் மாவட்டப் போட்டியிலே பரிசு வராதே!" என்கிறார் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர். வராதுதான். மனப்பாடம் செய்த பிள்ளையின் முன்னால், யோசித்து யோசித்துப் பேசுகிற பிள்ளை தடுமாறுவதுபோலத் தெரியும். நடுவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: ஐந்து மணித்துளியில் மூன்றைப் பேச்சுக்கும் இரண்டைக் கேள்விக்கும் ஒதுக்கிப் பாருங்கள். அதுவரை கோப்பைகள் வேறு பள்ளியின் அலமாரியில் இருக்கட்டும்.

மேடையேறக் கூச்சப்படுவோருக்காக வகுப்பின் மூலையிலே ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். எந்தக் கேள்வியையும் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். முதல் வாரம் வந்த சீட்டுகளில் பாதி ஆசிரியர்களைப் பற்றியவை. நேரத்துக்கு வராதது ஏன், ஒருவனை மட்டும் பெயர் சொல்லாமல் 'டேய்' என்று அழைப்பது ஏன், ஆண்டு விழாவில் சாமி கும்பிடச் சொன்னது யார்? வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையிலே விடை சொல்வது முறை. இந்த வெள்ளிக்கிழமை பேச வேண்டியவர்கள் நாம். கேள்வி கேட்கப் போகிறவர்கள் அவர்கள். அவர்கள் சொன்னதை முதலில் நாம் திருப்பிச் சொல்லியாக வேண்டும். விதி நமக்கும் சேர்த்துத்தான்.