வேலியும் பயிரும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் பருத்தியோ மக்காச்சோளமோ போட்டவர், ஆடு மாடு வாய் வைத்துவிடாதபடி ஓரத்தில் முள் அடைப்பார். ஈமானுக்கும் வேலி வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. தடுக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்தின் ஓரத்திலே மேய்ப்பவன் அதற்குள் இறங்கிவிடக் கூடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது.

வேதமுடையோரான யூதர்களிடத்திலும் இதே கருத்து உண்டு. அவர்களுடைய மிஷ்னாவில் 'அவோத்' என்னும் பகுதி, தவ்ராத்தைச் சுற்றி வேலி அமையுங்கள் என்ற உபதேசத்தைத் தொடக்கத்திலேயே வைக்கிறது. ஆனால் அவர்களுடைய அறிஞர்களே அதற்கு ஓர் எல்லையும் வகுத்தார்கள். 'பெரேஷித் ரப்பா' என்ற விரிவுரையில், கனியை உண்ணாதே என்ற கட்டளையோடு தொடாதே என்பதையும் ஹவ்வா சேர்த்துக்கொண்டதே ஏமாறக் காரணமாயிற்று என்றும், வேலி பயிரை மிஞ்சினால் சரிந்து பயிரையே அழிக்கும் என்றும் விளக்குகிறார்கள்.

நம் திருமறை அந்நிகழ்ச்சியை அப்படிக் கூறவில்லை. இருவரையுமே ஷைத்தான் வழுக்கச் செய்தான் என்கிறது. 'நெருங்காதீர்கள்' என்பதே அங்கு அல்லாஹ்வின் கட்டளை. ஆக, வேலியை அவனே போட்டுத் தந்துவிட்டான். அதற்கு மேல் நாம் போடுவதில்தான் கவனம் வேண்டும். வேலிக்காத்தானைப் பாருங்கள்! விறகுக்கும் வேலிக்கும் ஆகுமென்று வந்த முள், ஏரியையும் காட்டையும் வளைத்துக்கொண்டது.

லப்பைக்குடிகாடு, வ.களத்தூர் போன்ற ஊர்களில் அத்தா வளைகுடா நாட்டில் இருக்க, பிள்ளைகளைக் காக்கும் பாரம் முழுதும் தாயின் தலையில் விழும் வீடுகள் பல. அவள் அச்சப்படுவதில் குற்றமில்லை. அந்த அச்சத்தில், பிற சமயத்துப் பிள்ளைகளோடு சேராதே, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காராதே என்று வேலி உயர்கிறது. ஆனால் இஷாவுக்குப் பின் அதே வீட்டில் கைப்பேசி பேசுகிறது. இன்னொரு குடும்பத்துப் பெண்ணின் மானம் வாட்ஸ்அப் குரல் பதிவாக வீட்டுக்குள் வருகிறது. பிள்ளையும் பக்கத்திலிருந்து கேட்கிறது. புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிட்டான் அல்லாஹ். அது நுழையும் வாசலில் ஒரு முள்ளைக்கூட நாம் வைக்கவில்லையே!

நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றார்கள். 'அது யூதருடையதாயிற்றே' என்று கூறப்பட்டதற்கு, அதுவும் ஓர் ஆத்மா அல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள். கொடுக்கல் வாங்கலாலும் மரியாதையாலும் அவர்களுடைய தீனுக்குக் குறைவு வந்துவிடவில்லை. இரவெல்லாம் தொழுவேன், நாளெல்லாம் நோன்பு வைப்பேன், மணமே முடிக்கமாட்டேன் என்று மூவர் தமக்குத் தாமே வேலி போட்டுக்கொண்டபோது, அது என் வழியல்ல என்று தடுத்தவர்களும் அவர்களே.

தீய சகவாசம் இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. குடிக்கும் சூதுக்கும் அழைக்கும் நண்பனை, அவன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவனே ஆனாலும், விலக்கத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பல்லாங்குழி ஆடும் பிள்ளை இருந்துவிட்டு வரட்டும். அது திரும்பி வருவதற்குள் அந்தக் குரல் பதிவை அழித்துவிடலாம்.