அழுகையும் பேச்சில் சேர்த்தி

பையனை ஹாஸ்டலில் சேர்க்கப் போகிறவர்கள் என்னவெல்லாம் விசாரிக்கிறார்கள் என்பதை ஊரப்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு வருஷா வருஷம் கேட்டு வருகிறேன். ஏப்ரல், மே வந்துவிட்டால் எங்கள் குடியிருப்பில் இதே பேச்சுதான். நீட் பயிற்சி உண்டா, வாரத்தில் எத்தனை நாள் முட்டை போடுகிறார்கள், போன வருஷம் எத்தனை பேருக்கு மெடிக்கல் கிடைத்தது. எல்லாம் கேட்க வேண்டியவைதான். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அந்தப் பிள்ளைகளோடு யார் இருப்பார்கள் என்று கேட்பவர்கள் மட்டும் அபூர்வம். எனக்கு அதுதான் முதல் கேள்வியாகத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் என் தாத்தா.

தாத்தா கோவளத்துக்காரர். கட்டுமரம் ஏறும் குடும்பம். 1920களில், பத்து வயதுகூட நிரம்பாத அவரை, பங்குச் சாமியாரின் கடிதத்தோடு மதராஸில் ஒரு கத்தோலிக்க போர்டிங்குக்கு அனுப்பினார்கள். பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் போனார். கரையில் ஆட்கள் நடந்தபடி கயிறு போட்டு இழுத்துப்போகும் படகு. அங்கே எழுதப் படிக்கக் கற்றார். பூசையில் லத்தீனில் பதில் சொல்லக் கற்றார். அச்சுக்கோக்கவும் கற்றார். அந்தக் காலத்துச் சாமியார்கள் நடத்திய விடுதிகள் பலவற்றில் பாடத்தோடு தச்சு, தையல், அச்சு என்று ஏதாவது ஒரு கைத்தொழிலும் உண்டு. ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் பார்த்தே பழகியவர் என்பதால், எதிரில் இருப்பவர் விரித்துப் படிக்கும் பேப்பரைத் தலைகீழாகவே சரளமாக வாசித்துவிடுவார். சிறுவயதில் எனக்கு அது பெரிய வித்தையாக இருந்தது. அந்தத் தொழில்தான் எங்கள் குடும்பத்தைக் கரையேற்றியது. என் அப்பாவின் படிப்பும் என் படிப்பும் அந்த ஈய எழுத்துகள் போட்ட சோறு.

போர்டிங்கைப் பற்றி அவர் ஒரு குறை சொன்னதில்லை. கடிதத்தின் உச்சியில் ‘சேசு மரி சூசை’ என்று எழுதாமல் முதல் வரியைத் தொடங்கமாட்டார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் மளமளவென்று முடித்து எழுந்துவிடுவார். அவர் தன்னைத் தூக்கியதாகவோ தோளில் கை போட்டதாகவோ அப்பாவுக்கு ஒரு நினைவும் இல்லை. “மொத நாள் ராத்திரி அங்க எப்படி இருந்துச்சு தாத்தா?” என்று ஒருமுறை கேட்டேன். “மணி அடிச்சா பேசக் கூடாது. அழுவுறதும் பேச்சுல சேத்திதான்” என்றார். அதில் கோபமோ வருத்தமோ இல்லை. விதியை ஒப்பித்தார், அவ்வளவுதான். அந்த நிதானம்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அழக்கூடாது என்று பத்து வயதில் படித்துக்கொண்டவருக்கு, பிள்ளை அழும்போது என்ன செய்வதென்று யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

இத்தனைக்கும், கத்தோலிக்க விடுதி மரபுக்குள்ளேயே இதற்கு நேர் எதிரான ஒரு கதை இருக்கிறது. இத்தாலியின் தூரின் நகரத்தில் தெருப்பிள்ளைகளுக்காக உழைத்த டான் போஸ்கோ இரண்டு வயதிலேயே தகப்பனை இழந்தவர். 1846இல் தன் தாய் மார்கரீத்தாவைக் கிராமத்திலிருந்து அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டார். அவர்கள் முதலில் தங்க இடம் கொடுத்த பையன்கள் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஒரு மழை இரவில், நனைந்துபோய் வந்து நின்றான் ஓர் அநாதைப் பையன். அந்தத் தாய் அவனுக்குச் சாப்பாடு போட்டு, செங்கல்லும் பலகையும் அடுக்கி அடுக்களையிலேயே படுக்கை போட்டுக் கொடுத்தார். தூங்கப் போகுமுன் அவனிடம் நல்லதாக நாலு வார்த்தை பேசினார். அன்றைக்கு ஒரு தாய் பேசிய அந்தப் பேச்சுதான், டான் போஸ்கோ தொடங்கிய சலேசிய சபையின் விடுதிகளில் இரவுச் செபம் முடிந்து பிள்ளைகளிடம் கனிவாகச் சிறிது நேரம் பேசி, நல்லிரவு சொல்லி அனுப்பும் வழக்கமாக நிலைத்தது. மார்கரீத்தா 1856இல் இறக்கும்வரை அங்கேயே சமைத்தார், கிழிசல் தைத்தார். டான் போஸ்கோ 1877இல் தன் கல்விமுறையை எழுத்தில் வைத்தார். அடிக்காதே, அவமானப்படுத்தாதே, எப்போதும் பிள்ளைகளின் நடுவில் இரு என்பது அதன் சாரம். அதை வெறும் கொள்கையாக என்னால் வாசிக்க முடியவில்லை. அம்மாவிடம் பார்த்ததைத்தான் மகன் எழுதி வைத்தார் என்று நினைக்கிறேன்.

அந்த முறை நம் ஊருக்கும் வந்தது. 1906 பொங்கல் சமயத்தில் ஜார்ஜ் தொமாத்திஸ் என்ற குருவின் தலைமையில் ஆறு சலேசியர்கள் தஞ்சாவூர் வந்து சேர்ந்தார்கள். அவர்களை அழைத்தவர் மயிலாப்பூர் ஆயர். தஞ்சாவூரில் இருந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை அவர்கள் பொறுப்பில் விட்டார். ஆக, தாத்தா போர்டிங்கில் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்த காலத்திலேயே, வேறு மாதிரியும் விடுதி நடத்தலாம் என்று இதே தமிழ்நாட்டில் சிலர் அறிந்திருந்தார்கள். அந்தக் காலம் அப்படி என்று சொல்லி இதைத் தள்ளிவிட என்னால் முடியாது.

விடுதியில் பிள்ளை நிஜமாகப் படிப்பது பந்தியிலும் படுக்கையிலும்தான். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலம் நாட்டுப்பற்றை ஊட்ட எழுந்தது. நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்பது வெளியே தெரிந்ததும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது. கத்தோலிக்கர் தரப்பிலும் பெருமைப்பட அதிகம் இல்லை. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது, அதுவும் வழக்கு, கலவரங்களுக்கிடையில். பக்கத்து இலையில் யார் உட்காரலாம் என்பதை ஒரு பையன் பத்து வயதில் பார்த்துப் பதித்துக்கொண்டால், பிறகு எந்தப் பாடப்புத்தகம் அதை அழிக்கும்?

இவ்வளவு சொல்வதால் பிள்ளைகளை வெளியே அனுப்பவே கூடாது என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குடித்துவிட்டு வந்து அடிக்கும் தகப்பனிடமிருந்து தப்பி, அரசு ஆதிதிராவிடர் விடுதியில் நிம்மதியாகத் தூங்கிப் படித்து முன்னேறியவர்கள் உண்டு. தாத்தா கால்வாய்ப் படகில் ஏறாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வீட்டிலும் தனிமை இருக்கிறது. மறைமலைநகர், ஓ.எம்.ஆர். என்று அப்பா அம்மா இருவருமே வேலைக்குப் போகும் எங்கள் தெருவில், கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு நாலு மணிக்குப் பூட்டைத் திறக்கும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன்.

போன கோடையில் மாடி வீட்டுப் பெண் மகனுக்கு இடம் பார்க்கப் புறப்பட்டபோது, “அவங்க தூங்குற இடத்தையும் பாத்துட்டு வாம்மா, ராத்திரி பிள்ளைங்க பக்கத்துல யாரு படுக்குறாங்கன்னு கேளு” என்றேன். போன இடத்தில் வகுப்பறை, ஆய்வகம், நீச்சல்குளம் எல்லாம் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கும் அறையைக் கேட்டதும், பெற்றோருக்கு அங்கே அனுமதியில்லை, கேமரா இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார்களாம். “கேமரா என்ன சார் பண்ணும், இவனுக்கு ராத்திரியில திடீர்னு காய்ச்சல் வரும்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கட்டிய முன்பணம் திரும்பாது என்று தெரிந்தும் சேர்க்கவில்லை. பையன் இப்போது கூடுவாஞ்சேரியில் படிக்கிறான். கணக்கில் சுமார்தான். அவள் வேலை முடிந்து வர ஏழரை மணி ஆகிவிடும், அதுவரை எங்கள் வீட்டில் இருந்து என்னோடு கணக்குப் போடுகிறான்.