பார்க்க வேண்டிய இடம்

டில்லிக்குப் போவது என்று தீர்மானமான அன்று சாயந்திரமே நான் ஜாபிதா எழுத உட்கார்ந்துவிட்டேன். கதை எழுதுகிறவனிடம் இந்தக் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. எதையும் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்துவிட்டதாக ஒரு திருப்தி. மீதிப் பாதி எப்படியாவது தானே நடந்துவிடும் என்று நம்பிக்கை.

போகிறவர்கள் மூன்று பேர். நான், என் மனைவி, என் அக்கா. மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் உத்தியோகம். தொடர்ந்தாற்போல் ஏழு நாளுக்கு மேல் லீவு கிடைக்காது. திருநெல்வேலியிலிருந்து டில்லிக்கு ரயிலில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மிச்சம் மூன்று நாள். சனி, ஞாயிறு, திங்கள்.

இந்தச் செய்தி தெருவில் பரவியதுதான் தாமதம், வருகிறவர் போகிறவர் எல்லாரும் என் ஜாபிதாவில் ஆளுக்கு ஓர் இடத்தைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் பார்லிமெண்டு என்றார். ஒருவர் ராஜ்காட் என்றார். சாந்தினி சௌக்கில் ஜிலேபி தின்னாமல் வந்தால் முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்றார் இன்னொருவர். செங்கோட்டை என்று நான் சொன்னபோது பால்காரர், "அதுக்கு எதுக்கு சார் டில்லி வரைக்கும் போகணும்? தென்காசி தாண்டினா செங்கோட்டைதானே?" என்று கேட்டார். எங்கள் ஜில்லாக்காரர்களுக்குச் செங்கோட்டை என்றால் குற்றாலத்துச் சாரலும் மலையாளத்துக்குப் போகும் ரயிலும்தான். ஷாஜஹான் அப்புறம்தான்.

ஒரு வாரத்தில் ஆக்ராவைத் தவிர்த்தே 26 இடங்கள் சேர்ந்துவிட்டன. ஆக்ரா போய்வர ஒரு நாள் முழுதாகப் போய்விடும். டில்லியிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மீதி இரண்டு நாளில் நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் பதினெட்டு மணி. அதில் பாதி, வண்டியிலும் சாப்பாட்டிலும் டிக்கெட்டுக்கு நிற்பதிலும் கழியும். மிச்சமிருக்கிற ஒன்பது மணியை 26 இடங்களுக்குப் பங்கிட்டால் ஓர் இடத்துக்கு இருபது நிமிஷம் வருகிறது. சில இடங்களில் செருப்பைக் கழற்றி, திரும்பத் தேடி மாட்டிக்கொள்ளவே அதில் கால்வாசி போய்விடும்.

எதையாவது விட்டாக வேண்டும். எதை விடுவது?

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "எதை வேண்டுமானாலும் விடு. குதுப் மினாரை விட்டால் டில்லி போனதாகவே அர்த்தமில்லை. உள்ளே ஏறிப் பார்" என்றார். அவர் வாலிபத்தில் உள்படிக்கட்டில் ஏறியவர். 1981ஆம் வருஷம் டிசம்பரில் அந்தப் படிக்கட்டில் விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் இறந்துபோனார்கள், அதில் பெரும்பாலோர் உல்லாசப் பிரயாணம் வந்த பள்ளிக் குழந்தைகள், அதன் பிறகு யாரையும் ஏறவிடுவதில்லை என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கீழேயிருந்தாவது பார்த்துவிட்டு வா. வந்தால் நாலு பேர் கேட்பார்கள் இல்லையா?" என்றார்.

அந்த நாலு பேர்தான் எனக்குள் உறுத்தத் தொடங்கினார்கள். ஜாபிதாவை எடுத்து மறுபடி படித்தேன். இருபத்தாறில் எத்தனை இடத்தை நானாக ஆசைப்பட்டு எழுதினேன் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டோ மூன்றோ தேறும். மற்றதெல்லாம் திரும்பி வந்த பிறகு நடக்கப்போகும் விசாரணைக்குச் சாட்சியம் சேர்க்கிற ஏற்பாடு. "பார்த்தாயா?" "பார்த்தேன்." அந்த ஒரு வார்த்தையைப் பதில் சொல்வதற்காக மூன்று பேர் நாலு நாள் ரயிலில் உட்கார வேண்டியிருக்கிறது.

அந்தப் "பார்த்தேன்" உண்மைதானா என்பது அடுத்த கேள்வி. பல வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக மும்பைக்குப் போனேன். கல்யாண மண்டபம், சாப்பாட்டுக்கூடம், மறுபடி ஸ்டேஷன். திரும்பும்போது டாக்ஸிக்காரர் கேட்வே ஆப் இந்தியா இருக்கிற பக்கத்தைக் கையால் காட்டினார். நான் குனிந்து பார்ப்பதற்குள் ஒரு பஸ் குறுக்கே வந்துவிட்டது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் மும்பை பார்த்தவன்தான். ஒரு கதையில் அந்த ஊரை வர்ணித்துக்கூட இருக்கிறேன். அதைச் சிலாகித்து எழுதிய வாசகருக்கு நன்றி தெரிவித்துப் பதிலும் போட்டேன். பொய் சொன்னதாக ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. இப்போது யோசித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

டில்லி விஷயத்தில் சங்கடம் இன்னும் அதிகம், ஏனென்றால் அது ஓர் ஊர் இல்லை. மெஹ்ரோலியில் ஒரு பழைய டில்லி. கியாசுதீன் துக்ளக் 1320களில் கட்டிய துக்ளகாபாத், கட்டிய வேகத்திலேயே பாழாய்ப் போனது. பிரோஸ் ஷா கட்டியது ஒன்று. ஹுமாயூனும் ஷேர்ஷாவும் மாறி மாறிக் கட்டிய பழைய கோட்டை ஒன்று. 1639இல் ஷாஜஹான் தொடங்கியது ஒன்று. பிறகு வெள்ளைக்காரர்கள். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரை டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். புதுடில்லியைக் கட்டி முடித்துத் திறப்புவிழா நடத்தியது 1931இல். கட்ட இருபது வருஷம், அதில் உட்கார்ந்து ஆண்டது பதினாறு வருஷம். எதற்காக இவ்வளவு பெரிய தூண்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒவ்வொரு ராஜாவும் தனக்கு முன்னிருந்தவன் ஊரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இடம் தேடிப் போயிருக்கிறான். அவர்களே இத்தனையை விட்டிருக்கும்போது நான் சிலதை விடுவதில் என்ன பாவம் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன்.

அவகாசம் போதாது என்பதும் அப்படி நியாயமான புகாராகத் தெரியவில்லை. டில்லிக்குக் குறுகிய காலம் வந்துபோனவர்களில் பெயர் பெற்றவன் தைமூர். 1398 டிசம்பரில் வந்தான். பதினைந்து நாள் இருந்தான். கட்டடங்களை ரசிக்கத் தெரியாதவன் என்று சொல்ல முடியாது. கொத்தர்களையும் கல்தச்சர்களையும் பொறுக்கியெடுத்துத் தன் ஸமர்கந்துக்குக் கொண்டுபோனான். ஊரை மட்டும் பிணக்காடாக விட்டுப் போனான். 1739இல் நாதிர்ஷா இரண்டு மாதம் போலத் தங்கினான்; போகும்போது மயிலாசனம் அவனோடு போயிற்று. இவர்களும் டில்லி பார்த்தவர்கள்தாம். என்னைவிட அதிக நாள் பார்த்தவர்கள். இன்னும் பத்து நாள் கூட்டிக் கொடுத்திருந்தால் நன்றாகப் பார்த்திருப்பார்களா என்ன?

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவன் பிரோஸ் ஷா துக்ளக். பதினாலாம் நூற்றாண்டில் ஆண்டவன். வேட்டைக்கும் பிரயாணத்துக்கும் போன இடத்தில், தோப்ரா என்ற கிராமத்தில் ஒரு பெரிய கல்தூணைக் கண்டான். ஒரே கல். அவன் காலத்துக்கே அது ஆயிரத்தறுநூறு வருஷப் பழசு. அதைத் தன் ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டான். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைப் பரப்பி, அந்த மெத்தையின் மேல் மெதுவாகச் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, நாற்பத்திரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்களாம். கைக்குழந்தையைக்கூட அவ்வளவு பதனமாகக் கொண்டுவர மாட்டோம். தன் கோட்டையில் ஒரு மண்டபத்தின் உச்சியில் அதை நிறுத்தினான். அதில் ஏதோ எழுதியிருக்கிறதே என்று பண்டிதர்களைக் கூப்பிட்டுக் கேட்டான். ஒருவராலும் படிக்க முடியவில்லை.

படித்தவர் ஜேம்ஸ் பிரின்ஸெப் என்ற வெள்ளைக்காரர், 1837வாக்கில். அசோகருடைய சாசனம். வழிப்போக்கருக்கு நிழலாகச் சாலையோரம் ஆலமரம் வைத்தேன், கிணறு வெட்டினேன் என்றெல்லாம் அதில் சொல்கிறார். பிரோஸ் ஷாவும் வாய்க்கால்களும் தோட்டங்களும் போட்டவன். தன்னைப்போல ஒருவன் எழுதியது என்று தெரியாமலே அதைத் தினமும் அண்ணாந்து பார்த்திருக்கிறான். அவன் பார்த்தது உண்மையான பார்வை இல்லை என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. புரியாததைச் சேதமில்லாமல் கொண்டுவந்து வைத்தான். தூண் இன்றும் நிற்கிறது. நம்மில் பலருக்கு அந்த இடம் கிரிக்கெட் மைதானத்தின் பெயரால்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான். ஜாபிதாவில் அதை இருபத்தேழாவதாக எழுதினேன். இது நானே ஆசைப்பட்டு எழுதியது.

இவ்வளவு தர்க்கமும் பண்ணிக்கொண்டிருந்தவன் அதே வாரத்தில் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிடப் பதினாலு வயது மூத்தவள். என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள். ஜாபிதா எழுதிய நாள்களில் அவளை ஒன்றிரண்டு தடவை கேட்டேன். "எனக்கு என்ன தெரியும் தம்பி? நீங்க பாக்கிறத நானும் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு, நான் 27 இடங்களையும் நாள்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது, வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள், "கரோல் பாக் ரொம்பத் தூரமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? துணி வாங்கவா?"

"இல்ல. சும்மாதான் கேட்டேன்."

"அங்க என்ன இருக்கு பாக்கிறதுக்கு?" என்றேன். காகிதத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

"ஒண்ணும் இல்ல" என்று அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அத்தான் இருந்த இடம்ல அது" என்றாள்.

அத்தானை 1991இல் டில்லிக்கு மாற்றினார்கள். மூன்று வருஷம் அங்கே கரோல் பாகில் ஒரு மாடி அறையில் இன்னும் இரண்டு பேரோடு இருந்தார். அக்கா பாளையங்கோட்டையில். படிக்கிற இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். ஒரு கோடை லீவுக்கு அவள் போவதாக டிக்கெட் எடுத்து, புறப்படுவதற்கு நாலு நாள் முன்னால் மாமியாருக்கு உடம்பு அதிகமாகி, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. அத்தான் வாரம் ஒரு கடிதம் எழுதினார். நாலு வருஷத்துக்கு முன் காலமானார். கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. துக்ளகாபாத் கட்டிய வருஷம் நினைவிருந்தவனுக்கு இது நினைவில்லாமல் போயிற்று.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேனே, அந்தக் கேள்வி அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. என் ஜாபிதாவில் பதினோராவது இடம், பல்லிமாரான் தெருவில் மிர்ஸா காலிப் வசித்த வீடு. காலிப் சொந்த வீட்டுக்காரர் இல்லை. வாடகைக்குக் குடியிருந்தார். கடனுக்குப் பயந்தும் பென்ஷனுக்கு மனுப் போட்டும் காலத்தை ஓட்டினார். 1869இல் இறந்தார். அவர் குடியிருந்த பிறகு அந்த வீடு யார் யார் கைக்கோ மாறி, தொழிற்கூடமாகக்கூட இருந்து, பிற்பாடுதான் அதில் ஒரு பகுதியை மீட்டுச் செப்பனிட்டு நினைவிடமாக்கினார்கள். ஒரு குடித்தனக்காரர் இருந்த அறையைப் பார்க்க நான் இருபது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறேன். இன்னொரு குடித்தனக்காரர் இருந்த அறையைப் பற்றிக் கேட்டால் அங்கே என்ன இருக்கிறது என்கிறேன். காலிப் மகாகவி, அத்தான் ஒரு குமாஸ்தா. வித்தியாசம் எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் உருதுவில் எனக்கு ஓர் எழுத்துத் தெரியாது. மொழிபெயர்ப்பில் பத்துப் பன்னிரண்டு கவிதை படித்திருப்பேன். எங்கள் மூன்று பேரில், பார்க்கப்போகும் இடத்தில் வாழ்ந்தவருடைய எழுத்தை மனப்பாடமாக அறிந்தவள் அக்கா ஒருத்திதான்.

மறுநாள் காலை அவளிடம் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "அந்த விலாசம் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றாள். கட்டடம் இப்போது இருக்குமோ என்னவோ, முப்பது வருஷத்தில் இடித்துக் கட்டியிருப்பார்கள், ஏமாற்றமாகப் போய்விடும் என்று எச்சரித்தேன்.

"தெரு இருக்கும்லா?" என்றாள்.

பிறகு ஜாபிதாவைத் திருத்த உட்கார்ந்தோம், இந்தத் தடவை மூன்று பேருமாக. ஆக்ராவை எடுத்துவிடலாமா என்று நான் இழுத்தேன். என் மனைவி சம்மதிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் பாடம் படித்த நாளிலிருந்து தாஜ்மஹாலைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறாளாம். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் இதை எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஞாயிறு ஆக்ரா. சனிக்கிழமை செங்கோட்டை, காலிப், அந்தத் தூண், சாயந்திரம் ஹுமாயூன் சமாதி. அது ஹுமாயூன் இறந்த பிறகு அவன் மனைவி முன்னின்று கட்டுவித்தது என்று சொன்னபோது அக்கா, "அவளுக்குச் சக்தி இருந்தது, கட்டினா" என்றாள். திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. கரோல் பாகுக்கு விடுமுறை இல்லை. அன்று காலை முழுவதும் அக்காவுக்கு. மத்தியானம் ராஜ்காட். மிச்சமெல்லாம் அடித்தாயிற்று, குதுப் மினார் உள்பட. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு கடிதத்தைத் தேடி எடுத்தாள். இங்லண்டு லெட்டர், மடிப்பில் கிழிந்து போயிருந்தது. அவள் வருவதாக இருந்த அந்தக் கோடையில் அத்தான் எழுதியது. ஸ்டேஷனுக்குத் தான் வரத் தாமதமானால் பயப்பட வேண்டாம் என்று சொல்லி, எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருந்தார். அவள் பஸ் நம்பரைப் படித்தாள். இப்போது கரோல் பாகுக்கு மெட்ரோ ரயில் போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பென்சிலை எடுத்து, திங்கட்கிழமைக்கு நேரே அந்த நம்பரை எழுதிக்கொண்டேன்.