எந்தத் தேதிக்குத் திருப்புவது?

பழைய சாமான்களைச் சீர்செய்பவர்களின் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை 'ஒரிஜினல்'. ஒரிஜினல் பெயிண்ட், ஒரிஜினல் ஸ்க்ரூ, ஒரிஜினல் வயர். ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையின் பின்பக்கம் நிற்கும் 1950களின் லேண்ட் ரோவரில் ஒரு ராணுவ வானொலியை உயிர்ப்பிக்கும் வேலையில் எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இந்த வார்த்தை காதில் விழுகிறது. எந்த நாளின் ஒரிஜினல் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "என்ன தம்பி கேள்வி இது, புதுசுல எப்படி இருந்துச்சோ அப்படி" என்கிறார் வண்டிக்குச் சொந்தக்காரரான அங்கிள்.

எனக்கு அந்தப் 'புதுசுல' என்ற இடத்தில்தான் உறுத்துகிறது.

முதலில் பெட்டியைப் பற்றி. பெயர் 'ஒயர்லெஸ் செட் நம்பர் 19'. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கும் கவச வண்டிகளுக்கும் என்று வடிவமைத்தது; போர் முடிந்தும் பல வருஷம் ஓடியது. ஒரே பெட்டிக்குள் மூன்று வேலை. தூரத்துத் தலைமையிடத்தோடு பேச 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை சிற்றலை; பக்கத்து வண்டியோடு பேசத் தனியாக ஒரு குறுந்தூர வானொலி; வண்டிக்குள் இருப்பவர்கள் எஞ்சின் சத்தத்தை மீறி ஒருவரோடொருவர் பேச இன்டர்காம். 12 வோல்ட் பேட்டரி ஒரு சின்ன மோட்டாரைச் சுழற்றும், அதோடு சேர்ந்த ஜெனரேட்டர் கிட்டத்தட்ட 500 வோல்ட்டை 807 என்ற வால்வுக்குத் தள்ளும். அந்தச் சுழலும் ஓசையை முதல் தடவை கேட்டபோது எனக்குப் புல்லரித்ததை மறைப்பதில் அர்த்தமில்லை.

எங்களுடையது கனடாவில் செய்தது. முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் உண்டு. சோவியத் யூனியனுக்கு அனுப்புவதை உத்தேசித்துக் கனடாவில் இப்படி இருமொழிச் செட்டுகளை ஏராளமாகச் செய்தார்கள். அவற்றில் பல பிரிட்டிஷ் படைகளிடமும் போய்ச் சேர்ந்தன. பட்டறைக்கு வருகிறவர்கள் அந்த எழுத்தைப் பார்த்ததும், "ரஷ்யா சாமானைக் கொண்டாந்து மலாயா வண்டில ஏமாத்துறீங்களா?" என்பார்கள். உண்மையான பகுதிதான் அவர்கள் கண்ணுக்குப் போலியாகத் தெரிகிறது. பளபளவென்று புதுசாக வாங்கிப் போட்ட ஏரியலைப் பார்த்து யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

திறந்து பார்த்தால் முதல் வேலை காகிதக் கப்பாசிட்டர்கள். எண்பது வருஷத்தில் ஈரம் இறங்கி, தடுக்க வேண்டிய மின்சாரத்தைக் கசியவிடும். பினாங்குக் காற்றில் கேட்கவே வேண்டாம். அப்படியே ஸ்விட்ச் போட்டால் வால்வு சூடேறிச் சாகும், இல்லை ட்ரான்ஸ்ஃபார்மர் கருகும். மாற்றித்தான் ஆக வேண்டும். இதில் உலகம் முழுக்க ஒரு கைவித்தை புழங்குகிறது: பழைய கப்பாசிட்டரின் கூட்டைச் சூடாக்கி, உள்ளிருப்பதை உருவி எறிந்துவிட்டு, புது ஃபிலிம் கப்பாசிட்டரை அதற்குள் நுழைத்து மூடிவிடுவது. வெளியே 1942, உள்ளே போன மாதம் வாங்கியது. நானும் பத்துப் பன்னிரண்டு செய்தேன். நுணுக்கமான வேலை, செய்து முடித்தால் சுகமாக இருக்கும்.

ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை பாயான் லெப்பாஸில் ஓர் ஆலையில் நான் சோதனைப் பொறியாளன். அங்கே ஒரு போர்டில் ஒரே ஒரு பாகத்தை மாற்றினாலும் எப்போது, யார், ஏன் என்று பதிவு இருக்க வேண்டும். பதிவில்லாத மாற்றம் எங்கள் துறையில் கிட்டத்தட்டப் பாவம். கட்டடப் பாதுகாப்பிலும் இதே கொள்கை இருக்கிறது: 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதோடு இணங்கிப் போகவேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்தறிய முடியவேண்டும் என்கிறது. அதனால் கூட்டுக்குள் ஒளித்த ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். அங்கிள் சிரித்தார், விட்டுவிட்டார். கப்பாசிட்டர் விஷயத்தில் எங்களுக்குள் சண்டை இல்லை.

சண்டை பெயிண்டில். முகப்பில் டயலுக்குக் கீழே, யாரோ ஓர் இயக்குநர் பென்சிலால் எழுதிய இரண்டு எண்கள் மங்கலாக இருக்கின்றன. அநேகமாக அன்றைக்குத் திருப்ப வேண்டிய அலைவரிசைகள். அங்கிள் முகப்பைச் சுரண்டிப் புதிதாகப் பூச நினைக்கிறார். ஆகஸ்ட் 31 சமயத்தில் வண்டியைக் காட்சிக்கு வைக்கப்போகிறோம். பள்ளிப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிப் பார்ப்பார்கள்.

வானொலி ஒரு விசித்திரமான பொருள். கேமராவுக்குள் ஃபிலிம் மிஞ்சலாம், டைப்ரைட்டர் ரிப்பனில் எழுத்து மிஞ்சலாம். வானொலி வழியாக என்ன கட்டளை போனாலும் அதற்குள் ஒரு சுவடும் தங்காது. அதன் நினைவு என்று சொல்ல இருப்பது அடிபட்ட இடம், அவசரத்தில் ஒட்டவைத்த ஈயம், இந்தப் பென்சில் கிறுக்கல், அவ்வளவுதான். அதையும் துடைத்துவிட்டால் பெட்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளுக்குப் போய்விடும். போர்ச் சாமான் ஒன்று முழுக்க நிரபராதியாக இருந்த நாளும் அது ஒன்றுதான். ஆயிரக்கணக்கான நாள்கள் கிடக்கும்போது அந்த ஒரு நாளைப் பொறுக்கியெடுப்பதை நான் ரசனை சார்ந்த முடிவாகப் பார்க்கவில்லை, ஒழுக்கம் சார்ந்த முடிவாகவே பார்க்கிறேன்.

இந்த மண்ணில் தேதி மாறினால் வானொலியின் பொருளே மாறிப்போகும். 1943இல் பேராக்கில், பப்பானில், சிபில் கார்த்திகேசு வானொலியை ஒளித்து வைத்துப் பிபிசி கேட்டார். அந்தப் பெட்டிக்கு 'ஜோசபின்' என்று செல்லப்பெயர். காட்டிலிருந்து காயத்தோடு வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு அவரும் கணவர் டாக்டர் கார்த்திகேசுவும் சிகிச்சை செய்தார்கள். பிடிபட்டு, சித்திரவதைப்பட்டார். அதே ஆண்டு ஜான் டேவிஸ் தலைமையில் ஃபோர்ஸ் 136 ஆட்கள் நீர்மூழ்கியில் பேராக் கரைக்கு வந்தார்கள். கொண்டுவந்த வானொலி காட்டுக்குள் தூக்கிப்போக முடியாத பாரம்; இலங்கைத் தலைமையகத்தோடு தொடர்பு கிடைத்தது 1945 பிப்ரவரி 1இல்தான். அதற்குப் பிறகு அந்தத் தொடர்பின் வழியாகக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு பிரிட்டன் ஆயுதம் இறக்கியது. ஃபோர்ஸ் 136உடன் தொடர்பாளராக இருந்த சின் பெங்குக்கு ஓபிஇ விருதுகூடக் கொடுத்தது.

சிபில் இறந்தது 1948 ஜூன் 12. நான்கே நாளில், ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. அவர் காயம் கட்டிவிட்ட படையின் ஆட்களைத் தேடி இப்போது பிரிட்டிஷ் வண்டிகள் வானொலியோடு கிளம்பின. 1949 மே 4 அன்று தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1950இல் பிரிக்ஸ் திட்டம்: ஐந்து லட்சம் பேர் வரை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களையும் லயங்களோடு சேர்த்து வேலிக்குள் கொண்டுவந்தார்கள். என் பாட்டி கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் அப்போது சின்னப்பிள்ளை. "பால்வெட்டுக்குப் போறப்ப பசியாற ஒரு வாய் சோறு கொண்டுபோவ முடியாது. கேட்டுல நிக்கிறவன் பானையத் தொறந்து பாப்பான்" என்பார். சோறு காட்டுக்குப் போய்விடும் என்ற பயம். வேலிக்குப் பக்கத்தில் நின்ற ராணுவ வண்டியில் என்ன செட் இருந்தது என்று பாட்டியிடம் கேட்கவா முடியும்?

இதையெல்லாம் அங்கிளிடம் சொன்னேன். அவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. எழுபதுகளில் மலேசிய ராணுவத்தின் செமபோயான் பிரிவில் தாய்லாந்து எல்லையில் இருந்தவர். "தம்பி, நீ கேட்டுக்கு வெளிய நின்ன கதையைப் பேசுற. நான் செட்டுக்குப் பின்னால உக்காந்தவன். பக்கத்துல ஒருத்தன் கால் போயி ரத்தம் ஊத்துது. நான் கூப்பிட்டேன், நூரி வந்துச்சு. அவன் இன்னும் உயிரோட இருக்கான். அந்தக் குரலும் இதுக்குள்ள போனதுதான்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கவும் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அவர் சொல்வது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது என்பதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை: புதுப் பெயிண்ட் அடித்தால் நூரியும் அழிந்துவிடும் அல்லவா?

"கம்பிக்கும் ஈயத்துக்கும் என்ன தெரியும்?" என்பது அவருடைய இன்னொரு வாதம். உண்மைதான், பெட்டிக்குக் குற்றம் கிடையாது. அதைக் காட்சிக்கு வைக்கிற நமக்குப் பொறுப்பு உண்டு.

ஜார்ஜ்டவுனில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000த்தில் முடிவுக்கு வந்தபின் தலைமுறையாக இருந்த குடிகள் கடைவீடுகளைக் காலி செய்தார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியல். இன்று சன்னல் மரம் அசல், ஓடு அசல், தரையோடு அசல், உள்ளே கப்புச்சினோ. அந்த வீட்டில் முன்பு யார் துணி தைத்தார்கள் என்பதற்குப் பலகை கிடையாது. எனக்கு அதைவிட நான் படித்த யூஎஸ்எம்மின் மிண்டன் வளாகத்தைப் பிடிக்கும். பிரிட்டிஷ் படைமுகாமாக இருந்த இடம். யாரும் அதைப் படைமுகாமாகத் திரும்பச் செய்யவில்லை. மாணவர்கள் நாசி லெமாக் பொட்டலத்தோடு நடக்கிறார்கள். ஆனாலும் ஒரு பொருளை வேறு வேலைக்கு வைத்துக்கொள்வது எப்போதும் முடிவதில்லை. ஒரு 19 செட்டை வைத்து வேறு என்ன செய்ய, கோழிக்கூடா?

பேச வைக்கலாம். எங்களில் ஒருவருக்கு அமெச்சூர் உரிமம் இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் இந்தச் செட்டின் எல்லைக்குள்தான் வருகிறது. ராணுவ வானொலியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் "உங்க ஊர்ல மழையா?" என்று கேட்கும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போதைக்குக் கேட்க மட்டும் செய்கிறது. இரவில் நன்றாக எடுக்கும்.

காட்சிக்கு ஓர் அட்டை எழுத வேண்டும். அங்கிளின் வரைவு ஒரு வரி: கனடா, 1942. என்னுடையது ஐந்து வரி. நூரி வரியைப் படித்துவிட்டு இடத்தின் பெயரைத் திருத்திக் கொடுத்தார். சிபில் வரியை வைத்துக்கொள்ளச் சொன்னார். சோற்றுப்பானை வரியில் பேனா நின்றது. "இதைப் படிச்சிட்டு எந்தப் புள்ள வண்டியில ஏறும்?" என்றார். ஏறும் என்று நான் சொன்னேன். பச்சைப் பெயிண்ட் டின் இன்னும் திறக்கப்படாமல் பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. பென்சில் எண்களின் மேல் தற்காலிகமாக ஒரு கண்ணாடித் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு அதைப் பற்றிப் பேச வேண்டும்.