நோய் வராமற் காத்தலும் நோயுற்றாரைப் பழியாமையும்

உயிர்க்கு இறைவன் அருளிய தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது உடம்பாகிய தனு. கருவி பழுதுபடின் தொழில் நடவாது. உடம்பு நோயுறின் கல்வியும் வழிபாடும் பிறர்க்கு உதவுதலும் குன்றும். ஆதலின் உடம்பை ஓம்புதல் அறத்தின்பாற்பட்டது என்பது எளிதிற் பெறப்படும். எனினும் ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. இன்ப துன்பங்கள் வினைப்பயனாய் வருவன என்று நாமே மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். நோயும் வினைப்பயனாயின், அதனைத் தடுக்க முயல்வது எற்றுக்கு? அன்றி, அது தடுக்கக்கூடியதேயாயின், தடுக்கத் தவறி நோயுற்றவன் குற்றவாளியோ? இவ்விரு வினாக்களையும் ஆசிரியராகிய நாம் ஆராய்தல் வேண்டும். ஏனெனின், வகுப்பறையில் நாம் சொல்லும் சொல்லைச் சிறுவர் தம் வீட்டுக்குக் கொண்டுசெல்கின்றனர். அங்கே நோயுற்ற தந்தையோ பாட்டியோ இருத்தல் கூடும்.

முதல் வினாவிற்கு விடை நம் சமயாசாரியர் வரலாற்றிலேயே உளது. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் கொங்கு நாட்டிலே திருக்கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது, அந்நாட்டிற்கு இயல்பாகிய குளிர்சுரம் உடன்வந்த அடியார்களைப் பற்றியது. நாயனார் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்து அந்நோயைத் தீர்த்தார். பழவினை என்று சொல்லிவிட்டு, உய்யும் வழியை நாடாதிருத்தல் அடியார்க்குக் குறையாகும் என்பது அங்கே நாம் கொள்ளவேண்டிய கருத்து. வினைக்கொள்கை முயற்சியைக் கெடுக்க வந்ததன்று. இன்று செய்வதும் வினையே, அதற்கும் பயன் உண்டு என்று நம்மை விழிப்பிக்க வந்ததாம்.

நோய் வருமுன் காக்கும் நெறி நம் முன்னோர்க்குப் புதியதன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை எடுத்து நோக்குக. பத்துக் குறளுள் முதலாவது நோயின் காரணத்தைச் சொல்லும். அடுத்த ஆறும் உண்ணும் முறையைச் சொல்லும். இறுதி மூன்றே நோயைத் தீர்க்கும் முறையைச் சொல்லும். ஆறுமுக நாவலரவர்களும் சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்திலே துயிலெழுதல், பல் விளக்கல், நீராடல், உண்டல் என்னும் நாட்கடன்களைச் சமய ஒழுக்கமாகவே வைத்துக் கற்பித்தார்.

இந்நெறி சைவர்க்கே உரியதுமன்று. கல்முனையிலும் அதனை அடுத்த மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களிலும் முஸ்லிம்களும் சைவரும் ஒரே தெருவின் இருமுனைபோல அடுத்தடுத்து வாழ்கின்றனர். சித்தவைத்தியம் வாதம், பித்தம், ஐயம் என மூன்றை எண்ணும். யூனானி வைத்தியம் குருதி, சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கை எண்ணும். எண் வேறாயினும் நோக்கம் ஒன்றே. யூனானி நூலார் உடல்நலத்திற்கு இன்றியமையாதன ஆறு என்பர்: காற்று, உணவும் நீரும், உடலின் உழைப்பும் ஓய்வும், மனத்தின் கிளர்ச்சியும் அமைதியும், துயிலும் விழிப்பும், கழிக்கவேண்டுவன கழித்தலும் நிறுத்தவேண்டுவன நிறுத்தலும். இவற்றுள் எதனைச் சைவர் மறுப்பர்? மூன்று என்றும் நான்கு என்றும் வகுத்த பழங்கொள்கையை இன்றைய உடலியல் ஏற்பதில்லை. ஆயினும் அளவறிந்து உண்டு, உழைத்து, உறங்கி வாழ்க என்னும் அறிவுரையை அது தள்ளவில்லை.

தள்ளாததன்றி, அளந்தும் காட்டியுள்ளது. நம் நாட்டிலே சீனி வருத்தம் என்று வழங்கும் நீரிழிவை எடுத்துக்கொள்வோம். அந்நோயின் எல்லையில் நின்ற 531 பேரைச் சென்னை மருத்துவ அறிஞர் சிலர் மூன்றாண்டளவு ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவருள் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். உணவைத் திருத்தி, நடை முதலிய உடலுழைப்பை மேற்கொண்டவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 39 பேரே நோயாளராயினர். கத்தியும் ஊசியும் மாத்திரையும் இன்றி, நூறு பேருள் பதினாறு பேர் அக்காலத்திற் காக்கப்பட்டனர் என்றால், இது சிறிய காரியமோ?

நிற்க. அவ்வெண்களை மீண்டும் ஒருகால் நோக்குக. சொன்னபடி உண்டு, சொன்னபடி நடந்தவருள்ளும் 39 பேரை நோய் பற்றிற்று. அவர் செய்த பிழை யாது? இரண்டாம் வினாவிற்கு விடை இங்கே உளது. காப்பு முயற்சி நோயின் வரவைக் குறைக்கும், முற்றும் அடைக்காது. குலவழி, வயது, வறுமை, ஊரிற் கிடைக்கும் உணவு ஆகியனவும் உடம்பின்மேல் ஆட்சி செய்கின்றன. ஆதலின் காத்தல் கடன் என்பது உண்மை. நோயுற்றவன் கடன் தவறினவன் என்பது பொய். முன்னதிலிருந்து பின்னதைப் பெறுதல் தருக்க வழுவாகும்; அன்புக்கும் வழுவாகும்.

இவ்வழுவை யாமே இழைத்துள்ளோம். எம்மோடு ஒரே பாடசாலையிற் கற்பித்த முஸ்லிம் ஆசிரியர் ஒருவர்க்குச் சீனி வருத்தம் கண்டது. தேத்தண்ணீருக்குச் சீனி கேட்ட அவரை நோக்கி, "வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா, சேர்?" என்று பலர் முன்னிலையிற் சொன்னோம். அறிவுரை சொன்னதாகவே எண்ணினோம். சில மாதங்களின் பின் அவர் காலிற் புண் உண்டாயிற்று. எம்போன்றார் சொல்லுக்கு நாணி, அவர் அதனை ஒருவர்க்கும் காட்டாது மறைத்தார். வைத்தியசாலைக்குச் சென்றபோது காலம் கடந்துவிட்டது. இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. காணச் சென்ற எம்மை அவர் முகம் மலர்ந்தே வரவேற்றார். பழிச்சொல் நோயைத் தடுக்கவில்லை; மருந்தைத்தான் தடுத்தது என்பதை அன்று அறிந்தோம்.

மற்றொரு வழுவும் உண்டு. இயற்கை நெறியே போதும் என்று தடுப்பூசியையும் சத்திரசிகிச்சையையும் வெறுப்பார் சிலர். வைகாசியிலே கண்ணகியம்மன் கோயில்களிற் குளிர்த்திச் சடங்கு நிகழ்த்தி, நோய் தணிய வேண்டுகின்றோம். வேண்டுதல் நன்றே. ஆயினும் பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென்று 1980இல் அறிவிக்கப்பட்டது அம்மைப்பால் குத்திய முயற்சியினால் என்பதைச் சிறுவர்க்கு மறைத்தல் தகாது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறக்குறைய எண்பதினாயிரம் பேரை மாய்த்த மலேரியாக் காய்ச்சல், 2016இல் இந்நாட்டினின்றும் நீங்கியதென உலகச் சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. அது தனியொருவர் உணவடக்கத்தால் நிகழ்ந்ததன்று. நுளம்பை ஒழித்தும், நோயாளரைத் தேடி மருந்து கொடுத்தும், பல்லாண்டு பலர் உழைத்த உழைப்பால் நிகழ்ந்தது. வள்ளுவரும் உணவுக்கு ஆறு குறள் வைத்தபின், நோயாளி, வைத்தியன், மருந்து, உடனின்று உதவுவோன் என்னும் நால்வகைத் துணையைக் கூறியே அதிகாரத்தை முடித்தார். ஆறினைக் கொண்டு மூன்றினைத் தள்ளுவார் அவர் கருத்தை அறியார்.

அற்றேல், ஆசிரியர் செய்யத்தக்கது யாது? முதலாவது, சொல்லுமுன் செய்தல். சீனிப்பானப் போத்தலை மேசைமேல் வைத்துக்கொண்டு உணவடக்கம் கற்பிப்பவரைச் சிறுவர் நம்பார். இரண்டாவது, வழியைக் காட்டுதல். பாணும் தேத்தண்ணீரும் கொண்டு பகலைக் கழிக்கும் கூலியாளின் பிள்ளைக்குக் குரக்கனையும் கீரையையும் புகழ்தல் மட்டும் போதாது. பாடசாலை வளவில் முருங்கையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் வளர்த்துப் பகிர்ந்து கொடுக்கலாம். நடக்கச் சொல்வோர் பெண்பிள்ளைகள் அச்சமின்றி நடந்து விளையாட இடமும் நேரமும் ஒதுக்கல் வேண்டும். மூன்றாவது, நோயைப் பற்றிப் பேசும்போது நோயாளரை இகழாதிருத்தல். "உன் தந்தைக்கு ஏன் வந்தது?" என்று கேளாது, "உன் தந்தை மருந்து எடுக்கின்றாரா? நீ அவரோடு மாலையில் நடக்கின்றாயா?" என்று கேட்போமாக. முன்னைய வினா பிள்ளையை நாணச் செய்யும். பின்னையது அவனைத் தந்தைக்குத் துணையாக்கும்.

அன்பர்காள், உடம்பை ஓம்புவது உடம்பிற்காக அன்று. அதனாற் செய்யத்தக்க நன்மைக்காக. அந்நன்மைகளுள் தலையாயது நோயுற்றார் பக்கத்தில் நிற்றல். நம்மை நலமாக வைத்திருக்கும் நெறி, நலமிழந்தாரினின்றும் நம்மைப் பிரிக்குமாயின், அதனால் நாம் பெற்ற பயன் யாது? காக்கும் கடமையையும் இரங்கும் கடமையையும் ஒருங்கே ஆற்றத் திருவருள் துணைசெய்வதாக.