பழகிடும்

லே விமான நிலையத்தில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு பத்துப் படி ஏறியதுமே மூச்சு வாங்கியது. 3,500 மீட்டர் உயரம். அன்று இரவு தூக்கமே இல்லை. பின்மண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதுபோல் வலி. மறுநாள் காலை டீக்கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சிலிருந்து தமிழ்க் குரல் கேட்டது. வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் இருப்பவர்.

"புதுசா தம்பி? தண்ணி நிறையக் குடிங்க, அலையாதீங்க. ரெண்டு நாள்ல பழகிடும்."

"உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சுண்ணே?"

"எங்களை வந்த உடனே வேலைக்கு விடமாட்டாங்க. ஆறு நாள் இங்க வெச்சிருப்பாங்க. அதுக்கு மேல போகணும்னா இன்னொரு நாலு நாள். அதுக்கும் மேலன்னா மறுபடி நாலு நாள்."

அவர் சொன்னதுபோலவே மூன்றாம் நாள் தலைவலி போய்விட்டது. நானும் மற்றவர்களைப் போல மோமோ சாப்பிட்டு, மடாலயங்களில் போட்டோ எடுத்துத் திரும்பினேன். ஆனால் 'பழகிடும்' என்ற சொல் ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. பழகும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? அதைப் படிக்கப்போய், நான் ஒருபோதும் பார்த்திராத பெரு நாட்டு மலைகளில் பல மாதங்கள் மாட்டிக்கொண்டேன்.

எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே வருவது குறைவு. உடம்பு முதலில் வேகமாக மூச்சு விடுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. பிறகு சிறுநீரகம் இந்தப் பற்றாக்குறையை உணர்ந்து எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜைக்கு அது ஒரு உத்தரவு: சிவப்பணுக்களைக் கூட்டு. சுமக்க வேண்டிய ஆக்சிஜன் கம்மி, அதனால் சுமக்கிற ஆட்களைக் கூட்டிக்கொள்வது. நியாயமான ஏற்பாடுதான். சில வாரம் தங்கிவிட்டு இறங்கிவிடுகிறவனுக்கு இதில் பெரிய சிக்கலும் இல்லை.

அங்கேயே வாழ்கிறவனுக்குத்தான் சிக்கல். சிலரது உடம்பில் அந்த உத்தரவு நிற்பதே இல்லை. கடல்மட்டத்தில் ஒரு ஆணுக்கு ஹீமோகுளோபின் 14, 15 கிராம் இருந்தால் டாக்டர் திருப்தியாகத் தலையாட்டுவார். மலையில் அது 21ஐத் தொட்டுவிட்டால், பெண்களுக்கு 19ஐத் தொட்டுவிட்டால், நாட்பட்ட மலைநோயின் எல்லை வந்துவிட்டது என்று கணக்கு. ரத்தம் குழம்பு மாதிரி கெட்டியாகிறது. உதடு நீலம் பாரிக்கிறது. தலைவலி, படபடப்பு, கைகால் எரிச்சல், தூக்கமின்மை, காதுக்குள் ஓயாத இரைச்சல். கெட்டியான ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளர்கிறது. எனக்கு லேயில் வந்தது உடம்பு பழகாததால் வந்த நோய். இது உடம்பு பழகியதால் வரும் நோய். அது முதல் நாளே கத்திச் சொல்லிவிட்டது. இது பல வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வரும்.

இந்த நோய்க்கு மோங்கே நோய் என்றும் பெயர். 1925இல் கார்லோஸ் மோங்கே என்ற பெருநாட்டு மருத்துவர், செர்ரோ தே பாஸ்கோ என்ற சுரங்க ஊரைச் சேர்ந்த ஒரு நோயாளியைப் பற்றி லிமா மருத்துவ அகாதமியில் பேசினார். 4,300 மீட்டர் உயரத்து ஊர் அது. நோயாளியின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மிதமிஞ்சி இருந்தன. அவருக்குச் சில வருடங்கள் முன்பு, 1921-22 வாக்கில், அதே ஊருக்கு ஜோசப் பார்கிராஃப்ட் என்ற கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் ஒரு குழுவோடு வந்து போயிருந்தார். தன்னையே கண்ணாடி அறைக்குள் அடைத்துக்கொண்டு, ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே போய்ச் சோதித்துப் பார்த்த மனிதர். தைரியசாலி, சந்தேகமில்லை. ஆனால் அவர் ஊர் திரும்பி எழுதிய புத்தகத்தில், உயரத்தில் வாழ்கிறவர்கள் எல்லோருமே உடல்திறனும் மனத்திறனும் குன்றியவர்கள் என்கிற பொருளில் ஒரு வரி வந்துவிட்டது.

மோங்கேவுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த மலைகளில் பேரரசு கட்டி ஆண்டவர்களின் நாடு அது. அவர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு மலையேறினார். சோதனைகள் செய்தார். ஆண்டீஸ் மனிதன் குறையுள்ளவன் இல்லை, அந்த உயரத்துக்கென்றே உருவானவன், நாம் இளைக்கும் இடத்தில் அவன் பந்து விளையாடுகிறான் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். இங்கேதான் நான் ரொம்ப நாள் நின்றேன். உயரம் மனிதனை எப்படி நோயாளியாக்குகிறது என்று உலகத்துக்குச் சொன்னவரும் மோங்கேதான். உயரம் அவனை ஒன்றும் செய்யாது என்று வாதாடியவரும் அவரேதான். அவர் இரண்டையும் இணைத்த விதம் இது: நோய் என்பது பழக்கத்தை இழப்பது. நன்றாகப் பழகியிருந்த ஒருவன் ஏதோ காரணத்தால் அதை இழந்துவிடுகிறான்.

பார்கிராஃப்ட் செய்தது அவமதிப்பு. மோங்கே செய்தது மரியாதை. இதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் சுரங்கத்தில் கல் சுமக்கிற ஆளின் இடத்தில் நின்று யோசித்தால் அந்த மரியாதையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. 'இவன் இதற்கென்றே பிறந்தவன்' என்று ஒருவர் பாராட்டிவிட்டுப் போன பிறகு, மேஸ்திரி வந்து அதே வார்த்தையைச் சொல்லி இன்னொரு மூட்டையை ஏற்றலாம்.

சரி, மனித இனம் உண்மையாகவே உயரத்துக்குப் பழகியதே இல்லையா? பழகியிருக்கிறது. திபெத்தியர்களைப் பாருங்கள். 4,000 மீட்டரில் வாழும் பெரும்பாலான திபெத்தியர்களின் ஹீமோகுளோபின் ஏறக்குறைய கடலோரத்து மனிதர்களுடையதைப் போலத்தான் இருக்கிறது. அவர்களுடைய ஈபாஸ்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம், ரத்தத்தைக் கூட்டும் அந்த உத்தரவை அடக்கி வைக்கிறது. 2010இல் இது தெரியவந்தது. டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து இது வந்திருக்கிறது என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். ஆண்டீஸ் உயரங்களில் வாழ்பவர்களிடம் அந்த வடிவம் பரவலாக இல்லை. அவர்கள் உடம்பு பெரும்பாலும் ரத்தத்தைக் கூட்டித்தான் சமாளிக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு 'தகவமைப்பு' என்று சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல சொல், ஆனால் கேட்கும்போது யாரோ உட்கார்ந்து பொறுமையாகச் சீரமைத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. அப்படி யாரும் உட்காரவில்லை. ஒரு மரபணு ஊர் முழுக்கப் பரவுகிறது என்றால், அது இல்லாதவர்களின் பிள்ளைகள் குறைவாகப் பிழைத்தார்கள் என்று பொருள். திபெத்தியப் பெண்களிடம் நடந்த ஒரு ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கூடுதலாக இருக்கும் பரம்பரைக் கூறு கொண்ட தாய்மார்களின் குழந்தைகள் அதிகம் தங்கின என்று தெரிந்தது. அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு வாசித்தேன். மற்ற தாய்மார்கள் புதைத்தார்கள். 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் பொதோசி வெள்ளிச் சுரங்க நகரத்தைப் பற்றிப் பதினேழாம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவர் எழுதிய குறிப்பும் உண்டு. நகரம் உருவாகி 53 வருடம் வரை அங்கே பிறந்த ஸ்பானியக் குழந்தை ஒன்றுகூடத் தங்கவில்லையாம். முதலில் தங்கிய குழந்தையை அவர்கள் அற்புதம் என்று கொண்டாடினார்கள். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். 'மனிதன் பழகிவிட்டான்' என்று நாம் சொல்லும்போது, எழுவாயில் இருப்பது மிஞ்சியவர்கள் மட்டும்தான்.

என் அப்பா 22 வருஷம் விசைத்தறி ஓட்டினார். பள்ளிபாளையம் பக்கம். சின்ன வயதில் நான் தறி ஷெட்டுக்குள் போனால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். அப்பா சிரிப்பார். "அதெல்லாம் பழகிப்போச்சு கண்ணு." பல வருஷம் கழித்து, டிவி சத்தம் தாங்க முடியாமல் அம்மா சண்டை போட்ட பிறகு, காது டாக்டரிடம் கூட்டிப் போனோம். அறிக்கையைப் பார்த்தவர், உங்கப்பாவுக்குச் சத்தம் பழகலை, காது போயிருச்சு என்றார். அப்பாவுக்கு அதுவும் சரியாகக் கேட்கவில்லை. நான் வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

லா ரின்கொனாடாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம் வருகிறது. பெருவின் தென்கிழக்கில், 5,100 மீட்டருக்கும் மேலே, ஒரு பனியாற்றின் அடியில் இருக்கும் தங்கச் சுரங்க ஊர். உலகில் மனிதர்கள் நிரந்தரமாக வாழும் மிக உயரமான ஊர் அதுதான். சுமார் 50,000 பேர் இருக்கலாம் என்கிறார்கள். காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. தகர வீடுகள், சாக்கடை வசதி கிடையாது, தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம். அங்கே கச்சோரேயோ என்று ஒரு கூலிமுறை. மாதம் முழுக்கச் சம்பளம் இல்லாமல் முதலாளிக்கு வேலை செய்ய வேண்டும். கடைசியில் ஒருநாள், தோளில் தூக்க முடிந்த அளவு கல்லை எடுத்துக்கொண்டு போகலாம். அதில் தங்கம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெண்கள் சுரங்கத்துக்குள் வந்தால் ஆகாது என்று நம்பிக்கை, ஆகவே அவர்கள் வெளியே கொட்டிய கழிவுக்கற்களில் பொறுக்குகிறார்கள். 2019இல் அங்கே போன பிரெஞ்சு ஆய்வுக் குழு, சுமார் நாலு பேரில் ஒருவருக்கு மோங்கே நோய் இருக்கும் என்று கணித்தது. இத்தனைக்கும் அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் கடலோரத்துக்காரர்கள் இல்லை. 3,800 மீட்டரில், பூனோ மேட்டுநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஏற்கெனவே 'பழகியவர்கள்'.

வைத்தியம் எளிது: கீழே இறங்க வேண்டும். இறங்கினால் ரத்தம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வரும். இறங்க முடியாதவர்களுக்கு ரத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். தலை லேசாகிறது, சில வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு ஊறிவிடுகிறது. மலை அங்கேயேதானே இருக்கிறது.

அவர்கள் ஏன் இறங்கவில்லை என்று கேட்பது எனக்குச் சுலபம். என் நண்பன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "ஆக்சிஜன் இல்லாத மூளையால சரியா முடிவெடுக்க முடியாதுல்ல?" என்றான். அக்கறையோடுதான் சொன்னான். ஆனால் பார்கிராஃப்ட் சொன்னதும் அதுதானே? அந்தச் சுரங்கக்காரனின் மூளையில் ஒரு குறையும் நான் காணவில்லை. கீழே விளைகிற உருளைக்கிழங்கின் விலையும் மேலே தங்கத்தின் விலையும் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் "பழகிடுச்சு" என்று சொன்னால் அதை அவனுடைய வார்த்தையாக நான் மதிக்க வேண்டும். அப்பா சொன்னதையும் அப்படித்தான். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்பதால் சொன்ன வார்த்தை அது. ஆனால் அப்பா அதைச் சொன்னபோது தறி முதலாளிக்கு ஒரு செலவு மிச்சமானது. காதடைப்பான் ஒரு ஜோடி என்ன விலை இருக்கும்? அவன் தன் கஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளச் சொன்ன வார்த்தையை, நாம் நம் கணக்கை முடிக்க எடுத்துக்கொள்கிறோம். இதை எப்படிச் செய்யாமல் இருப்பது என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

தெரியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெருவிலிருந்து இந்தியா இறக்குமதி செய்வதில் முதலிடம் தங்கத்துக்குத்தான். போன தையில் தங்கை கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனோம். கடைக்காரர் லென்ஸைக் கொடுத்து ஹால்மார்க் முத்திரையைப் பார்க்கச் சொன்னார். 916 என்று இருந்தது, பக்கத்தில் ஆறு இலக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு. அதை வைத்து எந்தக் கடை, எங்கே சோதித்தார்கள் என்றெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"தங்கம் எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமாண்ணா?"

"சேலத்துலருந்துதான் தம்பி, செஞ்சு வருது."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்பா, "என்னடா சொல்றாரு?" என்று என் தோளைத் தட்டினார். சேதாரம் எவ்வளவு என்று அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னேன். மூன்றரைப் பவுனில் ஒரு ஆரம் எடுத்தோம்.