ஆற்றிலே ஒரு கால்

சித்திரமும் எழுதிக்கொண்டு சினிமாவும் எடுக்கத் துடிக்கும் இளைஞனைப் பார்த்து, ‘ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்’ என்று பரிகசிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

சத்யஜித் ரே கல்கத்தாவில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் ஓவியர். புத்தகங்களுக்கும் படம் வரைந்தார். ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்கு வரைந்தபோதுதான் அதைச் சினிமாவாக்கும் எண்ணம் அவருக்கு முளைத்தது. 1952-ல் ஆரம்பித்த படப்பிடிப்பு பணமில்லாமல் பலமுறை நின்றது. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. 1955-ல் படம் வெளிவரும்வரை, சோறு போட்ட உத்தியோகத்தையும் அவர் விடவில்லை.

ஆகவே, எத்தனை வேலை என்பதல்ல கேள்வி. ஒன்றில் கற்றதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறோமா, அல்லது ஒன்று கடினமானதும் இன்னொன்றில் போய் ஒளிந்துகொள்கிறோமா? இரண்டாவது, சுறுசுறுப்பு வேஷம் போட்ட சோம்பல். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, செய்கிறவனுக்குத் தெரியும்.